வெடிக்காத லோடும் தள்ளிப்போன நாளும்

சிவகாசி
19.11.2007

மரியாதைக்குரிய சம்பந்தி காரியாபட்டி கனகசபாபதி அவர்களுக்கு, சிவகாசி ரத்தினசாமி வணக்கத்துடன் எழுதுவது. என் ரத்தக்கொதிப்பைத் தவிர இங்கு யாவரும் சுகம். தங்கள் வீட்டாரும் இந்த வருட மிளகாயும் நல்லபடியாக இருக்கப் பத்திரகாளியம்மன் துணை.

நிற்க. தங்கள் மகள் ஸ்ரீமதிக்கு ஆடியில் நாள் தள்ளிப்போனதும், போன வருஷம் போலவே என் சம்சாரம் வெள்ளைத்தாய் லட்டு பிடித்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளை அதிர்ந்துவிடும் என்று, வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் நம் கம்பெனிச் சரக்கை வெடித்துப் பார்ப்பதையும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். தீபாவளி லோடு வெடித்துப் பார்க்காமலே நாக்பூர் போனது. அந்த ஊர் வியாபாரி போனில் கூப்பிட்டு, திரி நன்றாக எரிகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றார். லோடு திரும்பி வந்த அன்றைக்கே ஸ்ரீமதியும் பூஜை அறைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

இடையில் ஸ்ரீமதிக்கு உடம்பு பூசினாற்போல ஆனது, இரட்டைப் பிள்ளை என்றாள் வெள்ளைத்தாய். தாடையில் முடி முளைத்தது, ஆம்பளப் பிள்ளைதான் என்றாள். மதுரையில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது பிள்ளை வந்ததற்கு அடையாளம் இல்லை, வரத் தாமதமாகும் என்பதற்கு அடையாளம், கருமுட்டை ஒழுங்காக வெளிவரவில்லை, நாள் இப்படித் தள்ளித் தள்ளிப் போனால் முதலிலேயே வந்திருக்க வேண்டாமா என்றார். இப்பவும் ஒண்ணும் கைமீறலையாம், வைத்தியம் பார்க்கலாமாம், பையனையும் டெஸ்டுக்கு அனுப்பணுமாம். டெஸ்டுக்குக் குறித்த அன்றைக்குப் பார்த்து என் மகன் தருண்குமாருக்கு விருதுநகரில் ஏதோ வேலை வந்துவிட்டது. ஸ்ரீமதி சொல்லுது, "காலேஜ்லயே இப்படித்தான் மாமா. அம்மாட்ட சொன்னேன், கல்யாணம் ஆனாச் சரியாயிரும்னாக. இங்கன வந்து அத்தைட்ட சொன்னேன், வாயில லட்டைத் திணிச்சாக." நியாயம் அந்தப் பிள்ளை பக்கம்தான் சம்பந்தி.

ஆனாலும் வெள்ளைத்தாயின் அண்ணன் கண்ணுச்சாமி, "தருணுக்கு வேற பொண்ணு பாப்போம், இந்தப் புள்ளைய அங்கன அனுப்பிருங்க" என்கிறார். அவர் பேச்சை இந்த வீட்டில் யாரும் மீறியதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை வந்து ஸ்ரீமதியை அழைத்துப்போகவும். சீர் சாமான்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு எங்கள் ஆசி.

இங்ஙனம்,
ரத்தினசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். தபாலில் போடுமுன் வெள்ளைத்தாய் வாங்கிப் படித்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு அவள் பேசியதை எழுத்தில் எழுத முடியாது. தருண்குமாரைச் சட்டையைப் பிடித்து மதுரை பஸ்ஸில் ஏற்றியாகிவிட்டது. "புள்ள சொல்லிக்கிட்டேதான் இருந்தா, காதுல வாங்காதது நான். போறதுன்னா நான்ல போகணும்" என்று அழுதுகொண்டே தன் சேலைகளையும் பையில் எடுத்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தாங்கள் வந்தால் இரண்டு பேரை அழைத்துப்போக வேண்டியிருக்கும். எனக்குச் சமைக்கத் தெரியாது. தயவுசெய்து வரவேண்டாம்.