தர்க்கத்தைத் தலைமுழுகிய படலம்

"பழசைக் கைவிடவே கூடாது! அதுலதான் ஒரு கம்பீரம்…"

"பழசு பழசுன்னு எத்தனை நாளைக்கு? இங்கே அஞ்சாப் பிரிச்சு வெச்சிருக்கு. அவனவனுக்கு எது தாங்குமோ அதை…"

"அஞ்சாப் பிரிச்சா வேகம் போச்சே, ஐயா!"

"வேகம் யாருக்கு வேணும்? நம்ம வயசுல…"

"வயசைப் பத்திப் பேசாதீர், சொல்லிட்டேன்!"

மங்களேஸ்வரிக்கு மெய்சிலிர்த்தது. குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவின் வாசலில், சாரலுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சன்னலுக்கு உள்ளே சரித்திரப் பேராசிரியரும் தத்துவப் பேராசிரியரும் பி.ஏ. பட்டப்படிப்புக்காக இப்படி அடித்துக்கொள்வதைக் கேட்டுக் கண்ணில் நீர் தளும்பியது. பழைய பாடத்திட்டத்துக்காக ஒருவர் உயிரை விடுகிறார். ஐந்து புதுப் பாடங்களுக்காக இன்னொருவர். படிப்பென்றால் இதல்லவா படிப்பு!

"உள்ள என்னட்டி சண்டை?" என்றாள் கூட வந்திருந்த ஹாஜரா பீவி. தென்காசியில் மங்களேஸ்வரிக்கு அடுத்த வீடு. அவள் தெருவில் நின்று பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டால், செங்கோட்டையில் யாராவது கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை.

"சண்டை இல்ல, பீவியக்கா. ஆராய்ச்சி."

கதவு திறந்தது. கமிட்டியின் காரியதரிசி நம்பிராஜன் கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வெளியே வந்தார். "கொஞ்சம் வழி விடுங்க. பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போறதா, ஐந்தருவிக்குப் போறதான்னு இன்னும் முடிவாகல. டிரைவர் கத்துதான்."

மங்களேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உலகத்தில் சர்வகலாசாலைகள் பல உண்டு. அவையெல்லாம் பட்டப்படிப்பைப் புத்தகசாலையில் உட்கார்ந்து திருத்துகின்றன. அதனால்தான் அவற்றின் பாடங்களில் அவ்வளவு தூசி. அருவியில் அலசி, பிழிந்து, உதறிக் காயப்போட்ட பட்டப்படிப்பு என்று ஒன்று இந்தப் பூமியில் உண்டென்றால், அது அணா போய் நயாபைசா வந்த காலத்தில் நம்முடைய சர்வகலாசாலை கொடுத்ததுதான். பெயரைச் சொன்னால் தற்பெருமையாகிவிடும். அதன் 'பட்டப்படிப்புச் சீரமைப்புக் கமிட்டி' குற்றாலத்தில் சாரல் தொடங்கும் அன்று கூடும், சாரல் நிற்கும் அன்று கலையும். சாரல் ஏமாற்றிய வருஷங்களில் பட்டப்படிப்பில் ஒரு குறையும் தென்படவில்லை என்பதைக் கமிட்டியே எழுத்தில் தெரிவித்திருக்கிறது.

இந்த மகத்தான பணிக்குக் குறுக்கே வந்து நின்றவள்தான் மங்களேஸ்வரி. எல்லாத் தாளிலும் தேறியவள். தர்க்கசாஸ்திரம் ஒன்றில் மட்டும் தவறிவிட்டாள். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. "பட்டத்தோட வா. ஆவணி பொறந்துட்டா வேற ஆள் போட்டுருவேன்" என்று மானேஜர் சொல்லிவிட்டார். இப்போது ஆடி பாதி தாண்டியாயிற்று. ஹாஜரா பீவிக்கும் இதில் பங்குண்டு. அவள் மகள் ரஹ்மத்துன்னிசா பெரியவளாகிவிட்டாள். "மங்களேசு டீச்சரா வந்தா அனுப்புதேன், இல்லாட்டி வீட்ல கெடக்கட்டும்" என்று அந்தப் பெண்ணின் வாப்பா சொல்லியிருந்தார்.

"சார், நான் தர்க்கம் திரும்ப எழுதணும்" என்றாள் மங்களேஸ்வரி.

நம்பிராஜன் அவளைப் பரிவோடு பார்த்தார். "தர்க்கத்தைப் போன சீசன்லயே எடுத்தாச்சேம்மா. புதுத் திட்டத்துல கிடையாது."

"அப்ப நான் பாஸா?"

"அதெப்படி? நீ பழைய திட்டம். தர்க்கத்துல தேறினாத்தான் பட்டம்."

"எழுதித் தேறிருதேன் சார்."

"பரீட்சை கிடையாதே."

"ஏன் சார்?"

"தர்க்கத்தைத்தான் எடுத்தாச்சே."

"இது என்ன சார் நியாயம்?"

"நியாயமும் தர்க்கசாஸ்திரத்துல ஒரு பகுதிதானம்மா" என்றார் நம்பிராஜன் வருத்தத்தோடு. "ரெண்டையும் ஒரே தீர்மானத்துல எடுத்தாச்சு."

ஹாஜரா பீவிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, பழைய அணாவ எடுத்தப்பக்கூட, கையில உள்ளத கொண்டா, மாத்தித் தாரோம்னாவ. இந்தப் புள்ள மூணு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சத மாத்தித் தர மாட்டியளா?"

"அதுக்கு ஒரு வரித் தீர்மானம் போதும்க்கா. 'பழைய திட்டத்தார்க்கு இன்னொரு முறை பரீட்சை.' அவ்வளவுதான். ஆனா கோரம் இல்லையே."

"கோரம் இல்லையா? ஈர வேட்டியோட ரெண்டு பேர் மாடிப்படியில நிக்காவளே, நான் பாத்தேன். கோரமாத்தான் இருக்காவ."

"அந்தக் கோரம் இல்லக்கா. தீர்மானம் போட இத்தனை பேர் ஒரே இடத்துல கூடணும்னு கணக்கு. இவுகள்ல ஒருத்தர் எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கெடப்பாக, ஒருத்தர் தூங்குவாக, ஒருத்தர் ரம்புட்டான் பழம் வாங்கப் போவாக. எல்லாரும் சேர்றது ஒரே ஒரு இடத்துலதான்."

"எங்கன?"

"அருவிக்குக் கீழ."

அதற்குள் டிரைவர், பெட்ரோல் இல்லை என்று சொல்லி, நடந்து போகும் தூரத்தில் இருந்த பேரருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அன்றைய கமிட்டியின் முதல் முடிவு அது. எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். துண்டும் சீயக்காயுமாக உயர்கல்வி தெருவில் இறங்கி நடந்தது. பின்னால் நம்பிராஜன். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

பேரருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவில் இரும்புக் கம்பி. தண்ணீர் அன்றைக்குப் பாறையைப் பிளந்துகொண்டு விழுந்தது. அருவிக்குள் பக்கத்தில் நின்று பேசினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். கமிட்டியார் போய் வரிசையாக அருவிக்குள் நின்றார்கள். நின்றதும் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கோத்துக்கொண்டார்கள். குற்றால அருவியில் நின்றவர்களுக்கு இது தெரியும். கையைத் தூக்கித் தடுக்காவிட்டால் தண்ணீர் உச்சந்தலையில் தவில் வாசித்துவிடும்.

நம்பிராஜன் கம்பி ஓரத்தில், நனையாத கல்லாகப் பார்த்துக் குடையோடு நின்று உரக்க வாசித்தார். "தீர்மானம்! பூகோளத்தில் மலைகளைக் குறைத்துக் கடல்களைக் கூட்டுவது! சம்மதமானவர்கள் கை தூக்கலாம்!"

எல்லாக் கைகளும் மேலேதான் இருந்தன.

"ஏகமனது" என்று எழுதிக்கொண்டார். ஆளுக்கு இரண்டு கை ஆகையால், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் உறுப்பினர் தொகையைப் போல் இரட்டிப்பு ஆதரவு கிடைத்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகளின் கைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அதைக் குறிப்பில் 'பொதுமக்களின் பேராதரவு' என்று போடுவது வழக்கம்.

தத்துவத்தில் ஒரு தாளை வெட்ட வேண்டும் என்று சரித்திரப் பேராசிரியர் கொண்டுவந்த தீர்மானம், தத்துவப் பேராசிரியரின் இரு கை ஆதரவோடு நிறைவேறியது. சரித்திரத்தில் இரண்டு தாளை வெட்ட வேண்டும் என்று தத்துவப் பேராசிரியர் கொண்டுவந்ததும் அப்படியே. இவ்வளவு ஒற்றுமையான கமிட்டியை நாடு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மங்களேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள். "சார்! தர்க்கத்தை எடுத்ததும் இப்படித்தானா?"

நம்பிராஜன் கம்பிக்குக் கிட்டே வந்தார். "இதை உள்ள போய்ச் சொல்லிராதம்மா, எனக்குப் பென்சன் வரணும். கமிட்டித் தலைவருக்குச் செங்கோட்டைப் பக்கம். அவரு துண்டைத் 'துவர்த்து'ம்பாரு. போன சீசன்ல, இதோ இதே அருவிக்குள்ள நின்னு, 'துவர்த்தை எடு, துவர்த்தை எடு'ன்னிருக்காரு. இந்த இரைச்சல்ல எனக்கு, 'தர்க்கத்தை எடு'ன்னு கேட்டுது. கையை எண்ணிப் பார்த்தேன். ஏகமனது."

"பிறகாவது கேக்கப்பிடாதா சார்?"

"கேக்காம இருப்பனா? வெளிய வந்ததும், 'எடுத்தாச்சா?'ன்னாரு. 'எடுத்தாச்சு'ன்னேன். 'நல்லது'ன்னாரு."

ஹாஜரா பீவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஏட்டி மங்களேசு, தள்ளு."

"என்னக்கா செய்யப் போறிய?"

"துவர்த்துல போனது தொண்டையில வரட்டும்" என்றவள், கம்பியில் நெஞ்சைப் பதித்துக்கொண்டு ஒரு குரல் எடுத்தாள். "ஐயாமாரே! தர்க்கத்துல தவறுன புள்ளைகளுக்கு இன்னொரு தரம் பரீச்சை வைக்கணும்! சம்மதம்னா கையத் தூக்குங்க!"

அருவி ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. கமிட்டியார் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஆனால் கையை இறக்கவில்லை. இறக்க முடியாது. தலைவர் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறையத் தண்ணீர் போயிற்று.

"ஏகமனது" என்று எழுதினார் நம்பிராஜன். அந்த ஒரு தடவை மட்டும் அவர் எழுத்து கொஞ்சம் அழகாக விழுந்தது.

தலை துவட்டி, வேட்டி மாற்றி, சுடச்சுட பஜ்ஜியும் காப்பியும் வந்த பிறகு, பங்களாக் கூடத்தில் குறிப்புகளை உறுதிசெய்யும் கூட்டம் நடந்தது. பெண்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்றார்கள். மலைகள் குறைந்தது உறுதியாயிற்று. கடல்கள் கூடியது உறுதியாயிற்று. தத்துவமும் சரித்திரமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டது, பரஸ்பர வாழ்த்துகளோடு உறுதியாயிற்று. பிறகு நம்பிராஜன் கடைசித் தீர்மானத்தை வாசித்தார்.

தலைவர் பஜ்ஜியை நிறுத்தினார். "இதுக்கு நான் கை தூக்கினேனா?"

"ரெண்டு கையும் தூக்கினீங்க சார்."

"அது தண்ணிக்குத் தூக்கினது, ஓய்! தலையில தண்ணி விழுந்தா மனுஷன் கையைத் தூக்க மாட்டானா? அதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா? இந்தத் தீர்மானம் செல்லாது."

 மங்களேஸ்வரி ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லலாமா? அருவியில தூக்கின கை தண்ணிக்குத் தூக்கினதுன்னா, போன சீசன்ல தர்க்கத்தை எடுக்கத் தூக்கினதும் தண்ணிக்குத்தான். அந்தத் தீர்மானமும் செல்லாது. தர்க்கம் பாடத்துல இருக்குது. எனக்குப் பரீட்சை வைக்கணும். இல்ல, தூக்கினது சம்மதத்துக்குத்தான்னா, இன்னைக்குத் தூக்கினதும் சம்மதத்துக்குத்தான். அப்பவும் எனக்குப் பரீட்சை வைக்கணும். கை எதுக்குத் தூக்கியிருந்தாலும் பரீட்சை உண்டு சார்."

தலைவர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"அடேயப்பா!" என்றார் தலைவர். "ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திட்டாளே! இவ்வளவு தெளிவாப் பேசுற பொண்ணைத் தர்க்கத்துல யாரய்யா பெயிலாக்கினது?"

தத்துவப் பேராசிரியர் அவசரமாக இன்னொரு பஜ்ஜியை எடுத்து, அதை மிகுந்த கவனத்தோடு ஆராயத் தொடங்கினார்.

"அப்ப பரீச்சை உண்டுல்லா, ஐயா?" என்றாள் ஹாஜரா பீவி.

தலைவர் காப்பியை ஆற்றினார். ஆற்றி ஆற்றி, தம்ளரில் நுரை மட்டும் மிஞ்சியது. அப்புறம் நாட்டின் கல்விச் சரித்திரத்திலேயே ஆகப் பெரிய தீர்ப்பை வழங்கினார்.

"அம்மா, நீ சொன்னது ரொம்ப அருமை. அப்பழுக்கு இல்லை. ஆனா அதுக்கு என்ன பேரு? தர்க்கம். நாமதான் அதை எடுத்துட்டோமே! பாடத்திட்டத்துல இல்லாத ஒண்ணை ஆதாரமா வெச்சு ஒரு கமிட்டி எப்படி முடிவு எடுக்கும்? நாளைக்கு ஆடிட்காரன் கேப்பானா மாட்டானா?"

"கேப்பான், கேப்பான்" என்றார் சரித்திரப் பேராசிரியர்.

"கட்டாயம் கேப்பான்" என்றார் தத்துவப் பேராசிரியர். அன்றைக்கு முதல்முறையாக இருவரும் தண்ணீருக்கு வெளியே ஒத்துப்போனார்கள்.

"ஐயா, ஆவணி பொறந்தா இந்தப் புள்ளைக்கு வேலை போயிரும்" என்றாள் ஹாஜரா பீவி. ஊரைக் கூட்டும் அந்தத் தொண்டையில் இப்போது காற்றுத்தான் வந்தது. "எம்மவ படிப்பும் அதோட போயிரும்."

"ஐயோ பாவம்" என்றார் தலைவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். "அதனாலதான் நான் இதை நிராகரிக்கலை. நல்லா ஊறப்போட்டு ஆராய வேண்டிய விஷயம். அடுத்த சாரலுக்கு ஒத்திவைக்கிறேன். ஒத்திவைக்கச் சம்மதமானவங்க கை தூக்கலாம்."

கூடத்தில் தண்ணீர் இல்லை. ஓடு ஒழுகவில்லை. எல்லார் தலையும் காய்ந்து, சிலர் விபூதிகூடப் பூசியிருந்தார்கள். தலைவர் சொல்லி முடிப்பதற்குள், பஜ்ஜி பிடித்த கை, காப்பி பிடித்த கை, ஒன்றும் பிடிக்காத கை, எல்லாம் விறுவிறுவென்று மேலே போயின. நம்பிராஜன் பேனாவைத் திறந்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

மங்களேஸ்வரி ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள்.

"இப்ப எந்த அருவி சார் உங்க தலையில விழுது?"