கோதுமை எனக்கு ஆகுமா, ஆகாதா

கிள்ளான்.

அன்புமிக்க மைத்துனர் சின்னையா அவர்களுக்கு,

நானும் உங்கள் அக்கா வீரம்மாவும் இருக்கவேண்டிய மட்டும் நலம். ரவாங்கில் நீங்களும் தங்கச்சியும் அதைவிட ஒரு படி மேலாக இருக்க மாரியம்மன் துணை. என் ரத்தப் பரிசோதனை என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ஆளாளுக்கு டாக்டராகிவிடுகிறார்கள். ஆகவே தபால்.

நான் மெலிந்துகொண்டே போனதும், சாப்பிட்டவுடன் வயிறு உப்பிக் கழிவறைக்கு ஓடியதும் நீங்கள் அறிந்ததே. பெட்டாலிங் ஜெயாவில் பார்க்கும் டாக்டர் ஜோஆன், இது சீலியாக்காக இருக்கலாம், அதாவது கோதுமை குடலுக்கு ஆகாத நோய், ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். ரத்தம் என்றதும் உங்கள் அக்காவுக்கு நம் குடும்பப் பழக்கம் வந்துவிட்டது. சுகர் டெஸ்டுக்கு முன்னால் இனிப்பை நிறுத்தி, நல்ல ரிசல்ட் வாங்கி, வெளியே வந்ததும் நேராகத் தே தாரிக் கடைக்குப் போய் இனிப்பு தூக்கலாக டீ குடிப்போமே, அதேதான். ரொட்டி சானாய், சப்பாத்தி, மீ நூடுல்ஸ், கோதுமை கலந்த எதுவும் கண்ணில் காட்டவில்லை. ரிசல்ட் வந்தது. ஒரு டெஸ்டில் நோய் கொஞ்சம் இருக்கிற மாதிரி இருக்கிறதாம், இன்னொன்றில் சுத்தமாக இல்லையாம். ரத்தம் எடுத்தது ஒரே கையில்தான் மச்சான்.

"அங்கிள், டெஸ்டுக்கு முன்னாடி கோதுமை சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"தொடவே இல்லம்மா," என்றேன், பெருமையாக.

"ஐயோ அங்கிள், சாப்பிட்டாத்தான் ரத்தத்துல காட்டும்லா! நிறுத்திட்டா எப்படித் தெரியும்?"

இனி வாய் வழியாக ஸ்கோப் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கவேண்டுமாம், அதுவரை தினமும் கோதுமை சாப்பிட்டே ஆகவேண்டுமாம். எனக்கு வாயெல்லாம் பல். கடை ரொட்டி ஒரே எண்ணெய், நானே சப்பாத்தி போடறேன் என்றாள் உங்கள் அக்கா. கொஞ்சம் பிய்ந்து பிய்ந்துதான் வருகிறது, வயசான கை. ஆனால் அதிசயத்தைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தின்றும் வயிறு கப்சிப். உப்பலும் இல்லை, ஓட்டமும் இல்லை. உடம்புகூடத் தேறியிருக்கிறது. ஆக, இல்லை என்ற டெஸ்டுதான் நிஜம், நாளைய ஸ்கோப் வெறும் சம்பிரதாயம். மிச்சக் காலம் முழுக்க ரொட்டிக் கடையை எட்ட நின்று பார்க்கவேண்டி வருமோ என்று பயந்துகிடந்தேன் மச்சான், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அந்தப் பயம் தீர்ந்தது.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்கு விசாரிப்பு.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அது கோதுமையே இல்லீங்க. அரிசி மாவு. ராத்திரி பூரா நீங்க துடிக்கறத டாக்டரா பாக்கறாங்க? நான்ல பாக்கறேன்!" என்கிறாள். டாக்டருக்கு போன் போட்டேன். சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. ஸ்கோப் தள்ளிவைக்கப்பட்டது, எல்லாம் முதலிலிருந்து. ஆகவே இன்று காலை நானே கடைக்குப் போய் அசல் ரொட்டி சானாய் சாப்பிட்டு வந்தேன். இந்த வரிகளைக் கழிவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே உங்கள் அக்கா, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று அழுதுகொண்டே கதவைத் தட்டுகிறாள்.