சந்து விட்ட எழுத்து

திருப்பூரில் ராக்கெட்டைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ராக்கெட்டின் எழுத்தை முதல் பார்வையிலேயே படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் சவால் விட்டுச் சொல்வேன்.

முதலிபாளையத்தில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக நான் இருந்த பனியன் கம்பெனியில் அவர் டிசைனர். நிஜப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. இன்னும் நூறு வருடம் கழித்துத் தமிழ் எப்படி இருக்கும் என்பதை இப்போதே வரைந்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். வளைவுகள் அத்தனைக்கும் தடை போட்டார். மூன்று சுழி 'ண' அவர் கையில் மூன்று படிக்கட்டாக மாறியது. புள்ளியெல்லாம் சதுரம். ஒவ்வொரு எழுத்தின் குறுக்கேயும் மெல்லிசாக ஒரு சந்து, கோடு தொடாத இடைவெளி.

“எதுக்குங்க அந்தச் சந்து?” என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

“எழுத்து மூச்சு விட வேண்டாமுங்களா?” என்றார்.

கம்பெனிக் கழிப்பறைக்கு அந்த எழுத்திலேயே போர்டு எழுதி மாட்டினார். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோய், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நம் ஆட்கள்தான் எது ஆண்கள் பக்கம் என்று தெரியாமல் வாசலிலேயே தவித்தார்கள். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையையும் அதே எழுத்தில் அடித்தார். ராயபுரத்து மாமா போன் போட்டு, “ஏங்கண்ணு, பத்திரிகை வந்துருச்சு. கண்ணாலம் என்னைக்குன்னு வாயில சொல்லிப்போடு” என்றாராம். தேதி சொல்வதற்கென்றே ராக்கெட் இரண்டு நாள் லீவு போட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு காலம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பையன்களின் ஓட்டக் கிளப் ஒன்று, ‘நில்லாமல் ஓடு’ என்று தமிழில் போட்ட டி-ஷர்ட் கேட்டது. எழுத்து புது மாதிரி இருக்க வேண்டுமாம். ராக்கெட்டின் சாம்பிளைப் பார்த்ததும் ஓகே சொல்லிவிட்டார்கள்.

முதலாளி மட்டும் ராக்கெட்டைக் கூப்பிட்டு எச்சரித்தார். “ஏப்பா ராக்கெட்டு, உன்ற எழுத்து பனியன்ல ஏறறது இதுதான் மொதத் தடவ. ஏதாச்சும் கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, இந்த எழுத்தை இதோட விட்டுப்போடோணும். அப்பறம் துணி தொவைக்கற வெவரம் போடற வாஷ்கேர் லேபிள்தான் உனக்கு.”

“வராதுங்க” என்றார் ராக்கெட். ஏழு வருடம் இழைத்து இழைத்து வரைந்த எழுத்தல்லவா? முதல் பனியன் வெளிவருகிற அன்று காலையில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பல்லடம் பக்கம் கிளம்பிப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் குடி முழுகிவிட்டது. செக்கிங்கில் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாதில்லையா? பிரிண்டில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சின்னக் குறை என்றால் பிரஷ்ஷால் அங்கேயே மை தொட்டுச் சரிசெய்துவிடுவார்கள். செக்கிங் சரஸ்வதி அக்கா கண்ணுக்கு எறும்பு முட்டைகூடத் தப்பாது. ‘ஐயய்யோ, எல்லாப் பீசுலயும் மை விட்டுப்போச்சே’ என்று பதறி, எழுத்துக்கு எழுத்து அம்பு ஒட்டி, அந்தச் சந்துகளையெல்லாம் பொறுமையாக அடைத்துக்கொண்டிருந்தார்! பிரிண்ட் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டும் அப்ரூவல் சாம்பிளைச் செக்கிங்கில் கொண்டுபோய் மாட்டியிருக்க வேண்டியவன் நான். அது என் மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. என்னை உதைக்க வேண்டும்.

நெற்றியில் திருநீறோடு வந்த ராக்கெட் பனியனை எடுத்து, அடைபட்ட சந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முதலாளிக்கோ முகமெல்லாம் பல். “இப்பத்தாய்யா படிக்கறாப்பல இருக்குது. எல்லாத்தையும் அடைச்சே அனுப்புங்க.”

“அடைச்சா அது என்ற எழுத்தே இல்லீங்க.”

“யாராலயும் படிக்க முடியாத எழுத்து எதுக்குய்யா?”

“நான் படிக்கறனுங்களே” என்றார் சரஸ்வதி அக்கா. சந்து அடைக்காத பீஸ் ஒன்றை எடுத்து, “நில்லாமல் ஓடு” என்று கடகடவெனச் சொன்னார்.

“காலையில இருந்து அதையே பாத்துட்டு இருந்தா யாருந்தான் சொல்லுவாங்க. ஏப்பா, வேற ஏதாச்சும் எழுது” என்றார் முதலாளி.

ராக்கெட் ஓர் அட்டைப்பெட்டி மூடியை இழுத்து, மார்க்கரால் ஒரு வார்த்தை எழுதினார். செக்கிங் டேபிளே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அக்கா மூடியை வாங்கி, விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவினார். “ச... ர...” என்று இழுத்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“ஏனுங்க தம்பி, என்ற பேரையா எழுதுனீங்க?”

“எப்படியம்மா படிச்சே?” என்று முதலாளி வாயைப் பிளந்தார்.

“சந்தை அடைச்சு அடைச்சு, எந்தக் கோடு எங்க போய்ச் சேருமுன்னு கைக்கே தெரிஞ்சுபோச்சுங்க.”

முதலாளி மூடியை வாங்கிப் பார்த்தார். பிறகு, “செரி, படிக்க முடியுதில்ல. அடைச்சதையெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு, அத்தனைக்கும் புதுசா அடிங்க. சந்தோடவே போகட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“இதை ஊட்டுக்குக் கொண்டு போயிக்கட்டுங்களா?” என்று அக்கா அந்த மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராக்கெட் கண்ணில் நீர் தளும்பத் தலையை ஆட்டினார். அத்தனை வருடம் அவரைக் கிண்டலடித்தே பொழுதை ஓட்டியவன் நான். அன்றைக்கு மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, பிடித்துக்கொண்டேன்.