உரிமை கோரப்படாத ராஜினாமா

தேதி: 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம், என் மானம் மரியாதைக்குத்தான் கொஞ்ச நாளாகச் சுகமில்லை. உனக்கும் அத்தானுக்கும் ஒரு குறையும் இருக்காது. இருந்திருந்தால் இதற்குள் போன் செய்து என்னைத் திட்டியிருப்பாய்.

'ராஜினாமா கொடுத்தாயா இல்லையா? ஒரு வரி போதும்' என்று நேற்று போனில் செய்தி அனுப்பியிருந்தாய். ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க மாட்டேனா? போனில் பேசினால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ தீர்ப்பு சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து பொறுமையாகப் படி.

நீ நாலு பேரிடம் சொல்லி வைத்துத்தான் விமான நிலையத்தில் எனக்கு இந்த வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் பிரிவில் இருபத்தொரு வருஷமாகக் குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் அட்டை கட்டிக்கொண்டிருந்தவனை, விமான நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கீழே ஆறு பேர். இங்கே ஜனங்கள் ஒற்றைச் செருப்பைத் தொலைக்கிறார்கள், அங்கே பெட்டி பெட்டியாகத் தொலைப்பார்கள், ஆக இது பெரிய முன்னேற்றம்தான். இந்த முப்பதாம் தேதிக்குள் இங்கே ராஜினாமா கொடுத்தால்தான் ஒரு மாத நோட்டீஸ் முடிந்து அங்கே சேர முடியும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாததை இனிமேல் சொல்கிறேன்.

முதல் மாதமே கொடுத்திருப்பேன். எங்கள் பிரிவுத் தலைவி மேடத்துக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு வந்தார். இடம் வலம் திரும்ப முடியாத மனுஷியிடம் போய், நான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? பட்டை கழன்றதும் சொல்லலாம் என்று இருந்தேன். கழன்ற வாரம் மழை பிடித்துக்கொண்டது, அலுவலகக் கூரை ஒழுகியது, அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு குடைகள் இருந்தும் நாங்கள் மூன்று பேரும் நனைந்துகொண்டே வேலை பார்த்தோம். ஏனென்றால் பிரிவில் உள்ள எந்தப் பொருளையும் ஊழியர்கள் பயன்படுத்தவோ தங்களுக்கென்று கேட்கவோ கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, அந்த விதியை எழுதிய மகானுபாவன் நான்தான். மேடம் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில் ராஜினாமாவை மறந்து வாளி தேடப் போய்விட்டேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். "வாங்க வாங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க நாற்காலி வந்திருச்சு!" என்றார். பதினோரு வருஷமாகக் கேட்டு வந்த நாற்காலி, அக்கா. சுழலும், முதுகு சாயும். நாற்காலி வந்த நாளில் எவனாவது வேலையை விடுவானா? உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போறதா இருக்கறதான்னு நீங்க முடிவு பண்றதுக்குள்ள அந்த விமான நிலையத்தையே மூடிடுவாங்க" என்றாள். அந்த ரோஷத்தில் அப்போதே உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். 'இத்தனை ஆண்டுகள் என் மீது காட்டிய அன்புக்கு' என்று ஒரு வரி எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. தேதியும் கையெழுத்தும் மட்டும் போடவில்லை, எந்த நாள் கொடுப்பது என்று முடிவான பிறகு போடலாம் என்று விட்டேன். உறைமேல் பெயரும் எழுதவில்லை. எட்டு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு போய் வந்தேன். பஸ்ஸில் எடுத்துப் பார்ப்பது, பேனாவைத் திறப்பது, திங்கட்கிழமை வேண்டாம், வாரத்தின் முதல் நாள் என்று மூடுவது, வெள்ளிக்கிழமை வேண்டாம், பாவம், அவருக்குச் சனி ஞாயிறு கெட்டுப்போகும் என்று மூடுவது.

ஒன்பதாம் நாள் அந்தக் கடிதத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

சிரிக்காதே. எல்லா பஸ்ஸிலும் 'இறங்கும் முன் இருக்கையைத் திரும்பிப் பாருங்கள்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்த வாசகமும் நான் எழுதியதுதான். அதற்கு நேர் கீழே இருந்த இருக்கையில்தான் விட்டேன். மறுநாள் காலை டிரைவர் கொண்டுவந்து கொட்டிய சாக்கிலிருந்து ஒரு ஸ்வெட்டர், இரண்டு டிபன் பாக்ஸ், என் ராஜினாமா.

எங்கள் பிரிவில் இன்னொரு குமாஸ்தா இருக்கிறார், எதைக் கண்டாலும் முதலில் முத்திரை குத்திவிட்டு அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்பார், அதனால் அவருக்குப் பெயரே முத்திரை. நான் கையை நீட்டுவதற்குள் குத்திவிட்டார். எண் 4418. முகவரி இல்லாத கடிதமாக இருந்தால் தலைவி முன்னிலையில் பிரித்துப் படித்து உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும், அதுவும் விதி. அந்த விதியை யார் எழுதியது என்று கேட்காதே. முத்திரை செய்தி வாசிப்பவர் மாதிரி நின்றுகொண்டு முழுக்கப் படித்தார். இருபத்தொரு ஆண்டுகள், இந்தப் பிரிவு, அன்பு, எல்லாம் வந்தது. நான் புது நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"யாரோ பாவம், ரொம்ப நாளா யோசிச்சிருக்காங்க. தேதியும் இல்ல, கையெழுத்தும் இல்ல. வழக்கம்போல தொண்ணூறு நாள் வைங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார். முத்திரை அட்டை கட்டி ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவ்வளவுதான், அக்கா, நான் எழுதிய விதிப்படி இனி அதை நானே கேட்க முடியாது. இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்பாய். எழுதலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. இந்த மூன்று மாதமும் நான் நல்ல நாள் பார்க்கவில்லை. 'ஐயோ, நீங்க போகாதீங்க' என்று அந்த அறையில் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பயந்த மாதிரியே ஆயிற்று. அந்த அலமாரியில் தொங்கும் அட்டை எல்லாம் என் கையெழுத்து, இருபத்தொரு வருஷமாகப் பார்க்கிறார்கள், கடிதத்தைப் பார்த்து ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சொந்தக் குமாஸ்தாவின் எழுத்தையே கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் ஊரார் பொருளை எப்படிக் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள்? நான் போய்விட்டால் இந்தப் பிரிவு என்ன ஆவது? முத்திரைக்குக் குத்தத் தெரியும், யார் எழுத்து என்று பார்க்கத் தெரியாது. மேடத்துக்கு டீ ஆறிவிடக்கூடாது, அவ்வளவுதான் கவலை. ஆகவே நான் இங்கேயே இருப்பதுதான் நியாயம். விமான நிலையத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு. உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும்தான், நாற்காலி மட்டும் சௌகரியமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எதையும் சட்டென்று முடிவு செய்பவர்களாக வளர வாழ்த்துகள்; மாமனைப் போல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: தேதி 29. இந்தக் கடிதத்தின் மூலையில் 4431 என்று ஒரு எண்ணும் முத்திரையும் இருப்பதைப் பார்த்திருப்பாய். உன் வீட்டுக் கதவு எண் மாறியிருந்ததால் உறையில் முகவரியை அப்புறம் எழுதலாம் என்று பையில் வைத்திருந்தேன். உன்னிடம் மரியாதைக்குறைவாக ஏதாவது எழுதிவிட்டேனா என்று பஸ்ஸில் எடுத்துப் படித்தேன். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று காலை முத்திரை இதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தார். தன்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இருமி, மறுபடி படித்தார். மேடம் டீயைத் தொடவே இல்லை. முடிந்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து 4418-ஐ எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். அந்தத் தொண்ணூறு நாளும் உங்களுக்காக இல்ல, உங்கள விட மனசில்லாம எங்களுக்காக வெச்சுக்கிட்டது" என்றார். அப்புறம், "போகாதீங்கன்னு ஒருத்தர் சொல்லணும், அவ்வளவுதானே? போகாதீங்க. முத்திரை, நீங்களும் சொல்லுங்க."

"போகாதீங்க சார்" என்று முத்திரை மூக்கை உறிஞ்சினார்.

"ரெண்டு பேரும் சொல்லிட்டோம். இப்ப தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு முப்பது."

"மேடம், பிரிவுப் பொருள ஊழியர் தனக்குன்னு கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கே" என்றேன்.

"அந்த விதிய நேத்தே அடிச்சிட்டேன்" என்றார்.

இந்தக் கடிதத்தை இனி என்னை நம்பி விட முடியாது, தானே தபாலில் போடுவதாகச் சொல்லி உன் தம்பி மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள். நீ கேட்ட ஒரு வரி இதுதான், அக்கா: கொடுத்துவிட்டேன்.