கார்பன் வைத்த ஞாபகங்கள்

மண்ணூர்பேட்டை,
வியாழக்கிழமை

மதிப்பும் அன்பும் மிக்க நடேசன் மச்சான் அவர்களுக்கு,

ஜெகதீசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், அதாவது காலையில் எழுந்து பால் பாக்கெட்டை எடுக்கிற அளவுக்கு நலம். திருத்தணியில் நீங்களும் அக்காவும் உங்கள் புதுக் கண்ணாடியும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் அழுதுவிடுவேன், நீங்கள் பதறிப்போய் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பீர்கள், பேச்சு குழம்புக்குப் போய்விடும். போன தடவையும் அதுதான் நடந்தது.

விஷயம் உங்கள் மருமகன் கிருபாகரனைப் பற்றியது. உங்கள் தங்கை ராணி போய் பதினான்கு மாதம் ஆகிறது, அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த ஐடி கம்பெனி வேலையை விட்டு பதின்மூன்று மாதம் ஆகிறது. ஏன் விட்டாய் என்று கேட்டால் "புடிக்கலபா" என்பதோடு சரி. தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது. உண்மையில் அவன் உருவாக்கிக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டு. கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இது மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை மனதில் போட்டுக்கொண்டு, பகடையை உருட்டி வாயாலேயே ஆடுவது. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். கதை என்னவென்றால் உலகம் அழிந்துவிட்டது. எங்கோ வெளிநாட்டில் அழிந்தாலும் பரவாயில்லை, இங்கே அம்பத்தூரிலேயே அழிந்துவிட்டது. ஏரி வற்றி, பாடி மேம்பாலம் பாதியில் தொங்கி, எஸ்டேட் முழுக்கத் துருப்பிடித்த கூரைகள். அந்த ஏரிப் படுகையில் சில பேர் கண் விழிக்கிறார்கள், தாங்கள் யார் என்பது அவர்களுக்கு நினைவில்லை. என் மகன் இரண்டு வேளை சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தது இது.

ஆடும் ஒவ்வொருவரும் ஏழு அட்டைகளில் தங்கள் சொந்த வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த ஏழு விஷயங்களை எழுத வேண்டும். அவ்வளவுதான் அந்த ஆளிடம் மிச்சமிருக்கும் ஞாபகம். ஒரு கதவைத் தாண்ட வேண்டுமென்றால் ஓர் அட்டையைப் படித்துக் காட்டாமல் கிழித்துப் போட வேண்டும். கிழித்த பிறகு அந்த விஷயத்தைப் பற்றி விளையாட்டு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, அது உனக்கு நடக்கவே இல்லை. கடைசிக் கதவுக்கு வரும்போது கையில் ஓர் அட்டைதான் இருக்கும். இதற்கு யாராவது விளையாட்டு என்று பெயர் வைப்பார்களா மச்சான்? ஆனால் அடுத்த மாதம் இதை அச்சடித்து விற்கும் கம்பெனி ஆட்களுக்கு ஆடிக் காட்டப் போகிறானாம்.

நான் எப்படி இதில் விழுந்தேன் என்றால், நாலாவதாக ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு விசா கிடைத்துவிட்டது. "அப்பா, ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை வந்து குந்துபா" என்றான். வீட்டில் எங்களுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பேச்சுதான் நடக்கும், "சாப்பாடு கீது" என்பேன், "சரிபா" என்பான். மேசையில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் பேசலாமே என்றுதான் போனேன். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஆட்டம், வரைபடம் வரையும் முகமது ஆசிக் இருந்தான், முகப்பேர் ஃப்ளாட்டிலிருந்து வரும் நிவேதிதா என்ற பெண் இருந்தாள். வரைபடத்தில் நான் வேலை பார்த்த வால்வு கம்பெனியின் கேன்டீனைக் கிழக்கே போட்டிருந்தார்கள். உலகம் அழிந்தாலும் கேன்டீன் மேற்கேதான் இருக்கும் என்று திருத்தினேன். பிறகு உடைந்த கேட்டில் ஒரு காவலாளி நின்றான், அவனுக்கு ஆசிக்தான் குரல் கொடுத்தான், உள்ளே போகலாம் என்றான். முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான், கேட் பாஸ் இல்லாமல் ஒரு நட்டைக்கூட உள்ளே விட்டதில்லை. "கேட் பாஸ் கேக்காம உள்ள உட்றானே, இவன் இன்னா செக்யூரிட்டி?" என்று கேட்டேன். நாற்பது நிமிஷம் அந்தக் காவலாளியோடு வாதாடினேன். ஆசிக்குக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அங்கிள், உலகமே போயிடுச்சு, யாரு பாஸ் போடுவாங்க?" என்று நிவேதிதா கேட்டாள். "ஸ்டோர்ஸ் கீதில்ல, நான் போடுவேன்" என்றேன். கிருபா தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் சிரித்தான். பதினான்கு மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். அதற்காகவே அடுத்த ஞாயிறும் போனேன்.

அந்த அடுத்த ஞாயிறுதான் வினை. அட்டைகளை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்து ஏழும் எழுதினேன். அதில் நாலு உங்கள் தங்கை. திருவேற்காட்டுத் தேரில் செருப்பைத் தொலைத்துவிட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் நடந்தது, உப்பில்லாத குழம்பை நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்ததும் "சொல்றதுக்கு இன்னா" என்று அவள் என்னையே திட்டியது, இப்படி. எழுதும்போது, சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கத்தில் அடியில் கார்பன் பேப்பர் வைத்துவிட்டேன். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று பிரதி. எந்த ஸ்டோர் கீப்பரும் ஒற்றைப் பிரதியில் எழுத மாட்டான். முதல் கதவு வந்தது, செருப்பு அட்டையை எல்லார் முன்னாலும் கிழித்தேன். இரண்டாம் கதவில் ஒரு கிழவி வேஷத்தில் நிவேதிதா "உன் மனைவி எப்படியிருந்தாள்?" என்று கேட்டாள். நான் சட்டைப் பையிலிருந்து ரோஸ் பிரதியை எடுத்துச் செருப்புக் கதையைப் படித்தேன். கிருபா எழுந்து நின்றுவிட்டான். "கிழிச்சா போயிடணும்பா! அதுதான் இந்த கேமே! நீ இப்டி காப்பி வச்சிகினு இருந்தா எவனும் எதையும் மறக்க முடியாது!" என்று கத்தினான். பகடை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நான் ரோஸையும் மஞ்சளையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன், தரவில்லை. உங்கள் தங்கையின் நாலு அட்டையை நான் எதற்குக் கிழிக்க வேண்டும்? அவன் வேண்டுமானால் கிழிக்கட்டும்.

அவன் கிழித்தான். அன்றைக்கு ஆசிக்தான் கதை நடத்தினான், கிருபா எங்களோடு ஆடினான். அந்தச் சண்டைக்கு முன்பே, முதல் கதவு வந்ததும், எதைக் கிழிப்பது என்று மற்றவர்கள் பத்து நிமிஷம் தடவிக்கொண்டிருந்தபோது, அவன் யோசிக்காமல் ஓர் அட்டையை எடுத்து எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். எல்லாரும் போன பிறகு நான் கூடையைக் கொட்டினேன். கழிவைக்கூடப் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்கள் தொழில், ஆனால் தொழிலுக்காகச் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எட்டுத் துண்டையும் டேப் போட்டு ஒட்டினேன். அவன் எழுதியிருந்தது இதுதான்: "அம்மா கடைசியா எனக்கு போன் பண்ணாங்க. மதியம் மூணு பத்து. மீட்டிங்ல இருந்தேன். கட் பண்ணிட்டேன்."

மச்சான், அந்தப் போனைப் பண்ணியது நான்.

அன்றைக்கு மதியம் சிலிண்டர் வந்தது. பதிவு கிருபா நம்பரில், டெலிவரிக்காரர் கேட்கும் ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும். என் போன் சார்ஜில் செத்துக் கிடந்தது. ராணி உள்ளே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை. டெலிவரிக்காரர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து மணிக்குத்தான் அவள் எழுந்து நெஞ்சை அடைக்கிறது என்றாள். அதற்குப் பிறகு நடந்தது நீங்களும் கூட இருந்து பார்த்தது. அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவளுக்குப் பேச்சில்லை. சிலிண்டர் யாருக்கு நினைவிருக்கும்? பதினான்கு மாதமாக அவன் தாயின் கடைசிப் பேச்சை வெட்டிவிட்டவனாகத் தன்னை நினைத்துக்கொண்டு, அதற்காக வேலையை விட்டு, அதற்காக ஓர் உலகத்தையே அழித்து, மறக்க வழி தேடிக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்து அறையில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நாலு நாளாக அவன் கதவு வரைக்கும் போய்த் திரும்புகிறேன். சொன்னால் குற்றம் போய்விடும், சரி. ஆனால் அம்மா கடைசியாகத் தன்னைத்தான் தேடினாள் என்பதும் போய்விடும் இல்லையா? அவள் யாரையும் கூப்பிடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு அழைப்பைத் தவிர அவனிடம் அந்த நாளில் அவளுடையது என்று ஒன்றுமில்லை. அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே தயவுசெய்து நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். தாய்மாமன் சொன்னால் தாங்கிக்கொள்வான். கையோடு இந்த விளையாட்டையும் மூட்டை கட்டச் சொல்லி, வேலைக்குப் போகச் சொல்லுங்கள். நான் அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்விடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. மலையேறும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சூடம் கொளுத்துங்கள், முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய
ஜெகதீசன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): மேலே கேட்டுக்கொண்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்துக்கும் கார்பன் வைத்திருக்கிறேன். வெள்ளை உங்களுக்கு, ரோஸ் ஃபைலுக்கு. மஞ்சள், ஸ்டோர்ஸ் வழக்கப்படி, சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட் மேசைக்குப் போக வேண்டியது. நேற்று சாயங்காலம் அதைக் கிருபா மேசையில் வைத்தது என் கைதான், வைத்ததை நான் டீ குடிக்கும்போதுதான் உணர்ந்தேன், ஓடிப்போய்ப் பார்த்தால் கடைசி வரி படித்துக்கொண்டிருக்கிறான். தாளை மடித்து மேசையில் வைத்தான். பிறகு, "அம்மா நல்லா தூங்கிகினு இருந்துச்சாபா?" என்று கேட்டான். "ஆமாடா, கொறட்டை வுட்டுகினு" என்றேன். "சிலிண்டரு?" என்றான். "எடுத்துகினு பூட்டான்டா" என்றேன். அவன் சிரித்தான், அப்படியே அழுதான், நானும் அழுதேன், சாப்பிட்டீங்களா என்று கேட்க யாரும் இல்லாததால் இரண்டு பேரும் முழுசாக அழுது முடித்தோம். அதற்குப் பிறகு ஒரு புது அட்டையை எடுத்தான். "மூணு பத்து. அம்மா கொறட்டை விட்டு தூங்கிட்டு இருந்தாங்க" என்று எழுதப்போனவன், பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, கார்பன் கீதா?" என்று கேட்டான்.