கொக்குத்திட்டுல விழுந்துச்சு

சர்வர் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் நான்கு சின்னக் கண்ணாடிக் குவளைகள். ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று தேன் நிறம், ஒன்று செம்பு நிறம், கடைசியில் இருந்தது கறுப்பு. பூவரசன் அவற்றைப் பார்த்தான். எதிரே இருந்த ஜமுனாவைப் பார்த்தான். பிறகு வாசல் கதவைப் பார்த்தான்.

"கிராஃப்ட் பீர். இங்கேயே காய்ச்சுறாங்க. சும்மா ருசி பாருங்க" என்றாள் ஜமுனா.

"வேணாம் மேடம். எனக்கு லெமன் சோடா சொல்லுங்க, போதும்."

அவன் குடிக்காதவன் அல்ல. சிக்கல் வேறு. ஒரு டம்ளர் உள்ளே போனால் பூவரசன் உண்மை பேச ஆரம்பித்துவிடுவான். மச்சினியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சொட்டையைப் பற்றி அவன் சபையில் எழுந்து பேசியதைக் கோட்டைக்குப்பம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இன்று கிளம்பும்போது மனைவி வைஷ்ணவி வாசல்வரை வந்து எச்சரித்து அனுப்பினாள். "இன்னிக்கு ஒரு நாள் பொய்யனா இருந்துட்டு வா. ஐஸ் ரூம் வந்துட்டா அப்புறம் ஆயுசுக்கும் யோக்கியனா இருந்துக்க."

ஐஸ் ரூமைத் தரப்போகிறவள்தான் ஜமுனா. சென்னையில் சொந்தமாகத் தொழில்நுட்ப நிறுவனம் வைத்திருக்கிறாள். எங்கே என்ன மீன் பிடித்தோம் என்று மீனவர்கள் தினமும் கைப்பேசியில் பதிந்தால், நாளைக்கு எங்கே போகலாம் என்று அவளுடைய செயலி சொல்லும். தகவல் நம்பகமாக வரும் குப்பத்துக்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர் அறை ஒன்று இலவசம். போட்டியில் மிஞ்சியவை இரண்டு ஊர்கள்: கோட்டைக்குப்பமும் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குப்பமும்.

ஐஸ் இல்லாத ஊரில் வெயில் ஏறுவதற்குள் வியாபாரி சொன்னதுதான் விலை. அதற்குமேல் பேரம் பேசினால் கூடையில் நாறத் தொடங்கும் மீனே அதை விற்கும் வைஷ்ணவிக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கோட்டைக்குப்பத்தில் செயலிக்குப் பொறுப்பாளன் பூவரசன். ஆகவே இந்த மாலை, ஆந்திர எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஓட்டல் பாரில், ஊரின் ஐஸ் முழுவதும் அவன் நாக்கில்தான் இருந்தது.

ஜமுனா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். பழவேற்காடு ஏரியின் படம். ஓரிடத்தில் மட்டும் சிவப்பு, காயம்பட்ட மாதிரி.

"உங்க ஊர் போட் எல்லாம் ஒரே இடத்தைச் சொல்லியிருக்கு. கொக்குத்திட்டு. இப்படி ஒரு துல்லியத்தை நான் எந்த ஊர்லயும் பார்க்கலை."

பூவரசன் லெமன் சோடா வருகிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

கோட்டைக்குப்பத்தில் எவரும் வலையில் மீன் விழுந்த இடத்தைச் சொல்வதில்லை. "எங்க விழுந்துச்சு?" என்று கேட்டால் "கொக்குத்திட்டுல" என்பார்கள். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று அதற்குப் பொருள். கொக்குத்திட்டு வெறும் சேறு. அங்கே கொக்கு நிற்கும், நாரை நிற்கும், வலை நிற்காது. இப்போது கைப்பேசி கேட்டது. கைப்பேசிக்கும் அதே பதிலைச் சொன்னார்கள். பொறுப்பாளனும் அதையே சொல்லியிருந்தான்.

"நாளைக்குக் காலையில முதலீட்டாளர்கள் ரெண்டு பேர் வர்றாங்க. நேரா கொக்குத்திட்டுக்குப் போறோம். வலை போட்டுக் காட்டுறோம். மீன் வந்தா குளிர் அறை உங்களுக்கு."

பூவரசனுக்குத் தொண்டை வறண்டது. லெமன் சோடா இன்னும் வரவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக் குடித்தான். அது வெளிர் மஞ்சள்.

குவளையைக் கீழே வைத்த பிறகுதான் செய்தது புரிந்தது. உண்மை வருவதற்குள் பொய்யை முடித்துவிட வேண்டும். நாளைக்கு வாடைக்காற்று பலமாக இருக்கும், போட் போகாது என்று அவசரமாகச் சொன்னான். ஜமுனா வானிலையைத் திறந்தாள். காற்றே இல்லை, ஒரு வாரத்துக்கு ஏரி கண்ணாடி. பூவரசன் தேன் நிறத்தைக் குடித்தான். அதில் கொத்தமல்லி வாசம் வந்தது. ரசத்தில் போடுவதை இதில் ஏன் போட்டார்கள் என்று கேட்டான். ஜமுனாவுக்குத் தெரியவில்லை.

அடுத்து அவன் பாடு முறையைப் பிடித்தான். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. நாளைக்கு அந்த இடம் எங்கள் பாடு இல்லை என்றான்.

ஜமுனா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். ஊரின் பாடு முறை அதில் இருந்தது. ஏற்றியவர் பெயர் பூவரசன்.

"கொக்குத்திட்டுக்குப் பாடே கிடையாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? யார் வேணும்னாலும் போகலாமே." சற்று யோசித்தாள். "இவ்வளவு மீன் கிடைக்கிற இடத்துக்கு ஏன் யாரும் பாடு கேட்கலை?"

செம்பு நிறம் போன வேகத்தில் அதன் ருசி அவனுக்குத் தெரியவில்லை.

"போட்டு இல்ல மேடம். என் போட்டு இன்ஜின் ரிப்பேர்."

"பரவாயில்லை, வேற போட் பேசிட்டேன். தினமும் தவறாம பதியறவர், ஒரு நாள்கூட இடம் மாத்திச் சொல்லாதவர். சகாதேவன்."

பூவரசன் கறுப்புக் குவளையை எடுத்தான். இந்த முறை தாகத்துக்காக அல்ல. மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"மேடம், அங்க மீனே இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கொக்குத்திட்டு என்றால் ஊரில் என்ன பொருள் என்பதை, ஊரே சேர்ந்து கைப்பேசியை ஏமாற்றியதை, தானும் ஏமாற்றியதை. கேட்காமலே மாப்பிள்ளையின் சொட்டையையும் சொன்னான்.

"அந்த சகாதேவன்தான் மேடம் இத்த ஆரம்பிச்சு வெச்சதே. ஊர்லயே அந்தாளுக்குத்தான் மீன் அதிகம். எங்கன்னு கேட்டா கொக்குத்திட்டும்பாரு. அவர பாத்துதான் நாங்கல்லாம் கத்துக்கினோம். அது சாதா பொய்யி இல்ல. சொன்ன பொய்க்கு சாட்சி வேணும்னு போட்ட இட்டுனு போய் அங்கயே நிறுத்தி வெப்பாரு. நானே கண்ணால பாத்துக்கீறேன்."

ஜமுனா மடிக்கணினியை மூடினாள். லெமன் சோடா வந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"செயற்கைக்கோள் மீனைப் பார்த்துச் சொல்லுதுன்னு விளம்பரம் பண்ணியிருக்கேன்ல" என்றாள் கடைசியில். "அதெல்லாம் ஒண்ணும் பார்க்கலை. நீங்க எல்லாரும் எந்த இடத்தைத் தட்டுறீங்களோ, அதை எண்ணி உங்களுக்கே திருப்பிச் சொல்லுது. அவ்வளவுதான்."

பூவரசன் அதை யோசித்துப் பார்த்தான்.

"அப்ப நீங்களும் கொக்குத்திட்டுதானா மேடம்?"

ஜமுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். நாளைக்கு முதலீட்டாளர்களிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகவும், அதை இந்த மாதிரி அறையில் இல்லாமல் ஏரியில் வைத்துச் சொன்னால் கொஞ்சம் தைரியம் வரும் என்றும் சொன்னாள். குளிர் அறை என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"எங்க வூட்ல மட்டும் நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்றான் பூவரசன்.

காலையில் ஏரி அவள் சொன்னபடியே கண்ணாடியாகக் கிடந்தது. சகாதேவன் போட்டைக் கழியால் தள்ளினார். முதலீட்டாளர்கள் இருவரும் மிதவைச் சட்டைக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பூவரசன் தலைவலியோடு முன்பக்கம் குந்தியிருந்தான். கொக்குத்திட்டு நெருங்கியது. கொக்குகள் நின்றன. சேறு மின்னியது.

ஜமுனா தொண்டையைச் செருமினாள். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்…"

சகாதேவன் நிற்கவில்லை. திட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே கழி திடீரென்று ஆள் உயரத்துக்கு உள்ளே போனது. சேற்றுக்குப் பின்னால், ஊரிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஓர் ஓடை இருந்தது. வலையை இறக்கினார். ஒரு பீடி குடித்து முடித்தார். இழுத்தார்.

வலைக்கு முன்னால் மீன் வந்தது. மடவைகள் தண்ணீரைக் கிழித்துத் துள்ளின; ஒன்று ஒரு முதலீட்டாளரின் மடியிலேயே விழுந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தினமும் இப்படித்தானா என்று கேட்டார்.

"தெனம்" என்றார் சகாதேவன்.

ஜமுனா திறந்த வாயை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, செயற்கைக்கோள் பற்றிய உண்மையைச் சொல்லியே விட்டாள். மீனவர்கள் சொல்வதை எண்ணுவது மட்டும்தான் என்றால், செயற்கைக்கோளுக்கு மாதாமாதம் கட்டுவதை நிறுத்திவிடலாமே என்றார் மீன் வைத்திருந்தவர். அடுத்தவர் குளிர் அறைக்கு இடம் பார்த்தாயிற்றா என்று கேட்டார். ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் என்றாள் ஜமுனா, பூவரசனைப் பார்த்துக்கொண்டே.

பூவரசன் நகர்ந்து சகாதேவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கரையில் வைஷ்ணவி காத்திருப்பாள். ஊரே காத்திருக்கும்.

"இன்னாண்ணே இது?" என்றான் மெதுவாக. "இவ்ளோ மீனோட போய் எறங்குனா எங்க விழுந்துச்சுன்னு கேப்பாங்களே. நான் இன்னா சொல்றது? சொன்னா நாளைக்கு அத்தினி போட்டும் இங்கதான் நிக்கும். உன் எடம் போச்சுண்ணே."

சகாதேவன் வலையிலிருந்து மடவையை விடுவித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"தாராளமா சொல்லு. பதினஞ்சு வருசமா நானும் அத்தயேதான் சொல்லிக்கினு கீறேன்."