தாய்மாமன் மடியில் ஈரம்

மூத்திரப்பைக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. இந்த எளிய உண்மையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பட்டு வேட்டியும், ஒரு பச்சைக் குழந்தையின் மானமும் தேவைப்பட்டன.

பத்து வருடங்களுக்கு முன்னால், எங்கள் தறிக் கொட்டகையின் தகரக் கூரையை நானே மாற்றிக் காட்டுகிறேன் என்று ஏறினேன். ஏறியதைவிட வேகமாக இறங்கினேன். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போயிற்று. கால் நடக்காததை ஊரே வந்து விசாரித்தது. மூத்திரம் முட்டுவது தெரியாது, தானாகவும் ஒழுங்காகப் போகாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ட்யூப் விட்டு நானே எடுத்தாக வேண்டும் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. (வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது என்றார் நைனா. தெரியாமலே கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அடுத்த வருடம் என் அக்கா தேவியின் மகள் யாழினிக்கு, பதினோரு மாதத்தில், மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். மொட்டை திருத்தணி மலைமேல். காதுகுத்து அடிவாரத்து மண்டபத்தில். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் நான். ஆனால் அக்காவின் மாமியாருக்கு என்மேல் திடீரென்று கருணை பொங்கியது.

"பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்குச் செரமம்? தேவியோட சித்தப்பா மவன் குமாரு கீறான்ல, அவனும் மாமன் மொறதானே?"

"குந்திகினே இருக்கறதுல இந்தத் தாலுக்காவுலயே என்னை அடிச்சிக்க ஆள் இல்ல அத்தை" என்றேன்.

வாய்தான் கிண்டலடித்தது. உள்ளே அழுகையாக வந்தது. விழுந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் என்னை ஒரு வேலை ஏவியதில்லை. எனக்கென்று மிச்சமிருந்தது அந்த மடி ஒன்றுதான். அதையும் குமாருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு வீட்டில் ட்யூப் போட்டாயிற்று. அடுத்தது ஒன்பதுக்கு. மண்டபத்துக் கழிவறைக்கு இரண்டு படி, வாசலோ என் வீல்சேரைவிட ஒரு சாண் குறுகல். அதனால் காரின் பின்சீட்டில், கண்ணாடிக்குத் துண்டு போட்டு மறைத்து வேலையை முடிப்பது என்று திட்டம். ட்யூப் பையும் காரிலேயே இருந்தது. வழக்கமாகக் கட்டும் டயப்பரை மட்டும் கழற்றி வைத்துவிட்டேன். பட்டு வேட்டிக்குள் அது மூட்டை மாதிரி புடைத்தது. வீடியோக்காரர் வேறு வருகிறார். அழகு முக்கியம் இல்லையா!

எட்டே முக்காலுக்கு, காது குத்தும் பத்தர் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு நிற்பதாகப் போன் வந்தது. அக்கா வீட்டுக்காரரான வேலுப் பாவா அடுத்த நொடியே காரை அனுப்பினார். என் ட்யூப் பையும் பத்தரை அழைத்துவரக் கிளம்பிப் போனது.

ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. சபையில் வைத்து, "பாவா, எனக்கு மூத்திரம் எடுக்கணும்" என்று சொல்ல வெட்கம். அதே வெட்கத்தில், வந்தவர் போனவரெல்லாம் நீட்டிய மோரையும் மறுக்காமல் மூன்று டம்ளர் குடித்தேன். (அறிவாளி என்று என்னை யாரும் சொன்னதில்லை.)

பத்து இருபதுக்குக் கார் வந்தது. "பத்தே நிமிஷம் பாவா, காருக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன்.

"இன்னா மச்சான் வெளயாடுற? பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும். உன்னால முடியலன்னா சொல்லு, குமாரு ரெடியாத்தான் கீறான்."

குமார் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நான் மடியைத் தட்டிக் காட்டினேன். "குடு குழந்தையை!"

சந்தனம் பூசிய மொட்டையோடு யாழினி என் மடிக்கு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பத்தர் ஒரு காதைக் குத்தினார். அவள் வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு, அடிவயிற்றின்மேல் இரண்டு காலையும் ஊன்றி எம்பினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால், பட்டு வேட்டியில் ஈரம் கருத்துப் பரவிக்கொண்டிருந்தது. சீட்டிலிருந்து சொட்டிய நீர் தரையில் ஓடி, பத்தரின் கருவிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. செத்துவிடலாம் போலிருந்தது.

"அய்ய, மாமன் மடியில கொழந்த மூத்திரம் பேஞ்சிடுச்சி!" என்று அக்காவின் மாமியார் கைதட்டினார். "நல்ல சகுனம்டா!"

மண்டபமே சிரித்தது. பதினோரு மாதக் குழந்தையால் அரை லிட்டர் முடியுமா என்று யாரும் கணக்குப் போடவில்லை. பாவா மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏய் தேவி, பாப்பாவுக்கு டயப்பர் கட்டித்தானே எடுத்தாந்த?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு நிமிடத்தில் குழந்தை வெறும் ஜட்டியோடு திரும்பியது.

"ஆங், கட்டித்தான் இருந்தேன். பக்கவாட்டுல லீக் ஆயிடுச்சி. கண்ட கம்பெனி சரக்கு வாங்கியாந்தா இப்டித்தான்!"

வாங்கி வந்தவர் பாவா. துளி ஈரம் படாத அந்த டயப்பரை அக்கா தன் புடவைப் பையின் அடியில் திணித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். நேரத்துக்கு ட்யூப் போடாததில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், "மாமனைக் குளிப்பாட்டினவ வரா பாரு" என்றுதான் யாழினியை வரவேற்பார்கள். அவளுக்கு இப்போது பத்து வயது நடக்கிறது. போன வருடம் அந்தக் கிண்டலுக்கு அவள் அழுதபோது எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, ட்யூப் முதல் டயப்பர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், சித்தப்பா மகன் குமார் பந்தியில் எல்லார் முன்னாலும் பழைய கதையை எடுத்தான்.

"ஆங், நான்தான் பேஞ்சேன். இப்போ இன்னா அதுக்கு?" என்றாள் யாழினி. பிறகு என் காதருகே குனிந்தாள்.

"மாமா, மணி ஒன்னாவுது. கெளம்பிக் காருக்குப் போ. நெதமும் உனக்காகப் பழி ஏத்துக்க முடியாது."